ஒற்றை ஆள் பாய்மரம்

வறண்ட ஊர்க்காரன் ஒருவன் பாய்மரப் படகு வாங்கி வந்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும் அய்யா. என்னைப் பற்றியும் அதைத்தான் பேசினார்கள். ஊரே சிரித்தது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்குக் கோபமே வராது. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் வெள்ளைத்துரை. எழுமலையிலிருந்து பேரையூர் போகிற ரோட்டில், கண்மாயை ஒட்டிய ஊர். கிணறும் தோட்டமும் உண்டு, மோட்டார் ரிப்பேரும் பார்ப்பேன். என்னை யாரும் இந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். வாசலில் நின்ற ஏட்டய்யாவிடம், முத்திருளன் விஷயமாகப் பேச வேண்டும் என்றேன். "அதான் கரண்ட் அடிச்சுச் செத்தது, கேஸ முடிச்சாச்சேப்பா," என்றார். முடித்ததில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்த வந்திருக்கிறேன் என்று சொன்னதும் உங்களிடம் அனுப்பிவைத்தார். நல்ல மனிதர். பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னால் விளங்காது, ஏனென்றால் இதில் கொஞ்சம் கயிற்று வேலை இருக்கிறது.

படகு கிடைத்தது மதுரை சிம்மக்கல்லில். மோட்டார் சாமான் வாங்க நான் அடிக்கடி அங்கே போவேன். பாதுஷா பாயின் பழைய இரும்புக் கடையில், சாக்குக் கட்டுகள் நனையாமல் இருப்பதற்காக ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கொடைக்கானல் ஏரியில் எந்தக் காலத்திலோ ஒரு துரை ஓட்டியதாம். மலையிலிருந்து இறங்கி, பல கை மாறி, கடைசியில் சாக்குக்குக் கூரையாகிவிட்டது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். பலகை கணீரென்றது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. அல்லா மேல சத்தியமா ஓட்ட ஒடசல் ஒண்ணும் கெடையாது," என்றார் பாய். "ஆனா ஒண்ணு கேக்குறேன், ஒங்க ஊருல தண்ணி இருக்கா?"

"பேஞ்சா இருக்கும் பாய்."

"அப்பப் பேயிற வரைக்கும் நீங்களும் சாக்கத்தான் மூடி வைக்கணும்," என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

வைக்கோல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஒரு வருஷம் அதற்கடியில் எங்கள் வீட்டுக் கோழிகள்தான் குடியிருந்தன. அப்புறம் போன ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியாகத் தண்ணீர் தளும்பி ஓடியது. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கோழிகளை விரட்டிவிட்டுப் படகை நிமிர்த்திப் போட்டேன்.

துரையின் பாய்மரம் எங்கே போனதோ தெரியாது. தோட்டத்தில் போர்வெல் போட்டதில் மிஞ்சிய குழாய் ஒன்று கிடந்தது. மூன்று ஆள் உயரம், நல்ல இரும்பு. அதையே பாய்மரமாக்கினேன். பாயைக் காடாத் துணியில் என் மனைவி பாண்டியம்மாள் தைத்துக் கொடுத்தாள். தையல் மிஷினில் துணியைத் தள்ளிக்கொண்டே, "ஊருல பொண்டாட்டிக்குச் சேல எடுத்துக் குடுப்பாக. எனக்குப் படகுக்குச் சேல தைக்கிற யோகம்," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தால் வீடு நன்றாக இருக்கும்.

இனித்தான் விஷயம். கண்மாயில் படகை இறக்க வாகான துறை ஒன்றே ஒன்றுதான். அது என் மோட்டார் ரூமுக்கு நேர் எதிரே இருக்கிறது. அந்தத் துறைக்கு மேலே, கரையோரமாக, பம்புசெட்டுகளுக்குப் போகிற கரண்ட் கம்பி போகிறது. மழையில் கரை மண் இளகிக் கம்பங்கள் சாய்ந்துபோனதால் கம்பி தொய்ந்து தொங்கியது. துறையில் வைத்துப் பாய்மரத்தை நிமிர்த்தினால், பாதி எழும்பும்போது அதன் உச்சி கம்பியை உரசிக்கொண்டுதான் தாண்டும். ஆகவே படகை முதலில் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டுபோய், கம்பியைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற கருவேல மரத்தில் கட்டிவிட்டு, அங்கேதான் பாய்மரத்தை நிமிர்த்த வேண்டும். திரும்பி வரும்போது அதே இடத்தில் இறக்கிவிட்டுத்தான் துறைக்கு வர வேண்டும். ஆடுகிற படகில், காலுக்கடியில் தண்ணீர் புரள, மூன்று ஆள் உயர இரும்பை நிமிர்த்துவது சாதாரண வேலை இல்லை.

கரண்ட் இல்லாத நேரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. துறையிலேயே, கெட்டித் தரையில் கால் ஊன்றி நிமிர்த்திவிடலாம். உச்சி உரசும், கம்பி லேசாக ஆடும், அவ்வளவுதான். பகலில் கரண்டை நிறுத்தி நிறுத்தி விடுகிற காலம் இது. மத்தியானம் போனால் பொழுது சாயத்தான் வரும். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதை எங்கள் ஊரில் என் மோட்டார்தான் சொல்லும். நான் சுவிட்சை அணைப்பதே இல்லை. கரண்ட் வந்தால் தானாக ஓடட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். மோட்டார் சத்தம் கேட்டால், "கரண்ட் வந்துருச்சு" என்று பெண்கள் மாவு மில்லுக்கு ஓடுவார்கள். சத்தம் நின்றால் மில்லில் வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், நான்தான் கரண்டை நிறுத்தியதுபோல. வேடிக்கையான ஊர் அய்யா.

முத்திருளன் என் மனைவியின் தம்பி. பேரையூரிலிருந்து சைக்கிளில் வருவான். வந்தால் நாலு நாள் எங்கள் வீட்டில்தான். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது. எனக்கும் ரொம்பப் பிடிக்கும். நான் 'மாப்ள' என்பேன், அவன் 'மச்சான்' என்பான். முதலில் இரண்டு பேருமாகத்தான் பாய்மரத்தை நிமிர்த்தினோம். அவன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தூக்குவான், நான் முன்னாலிருந்து இழுப்பேன். ஆனால் அவன் வருகிற நேரத்துக்கு ஒரு கணக்கு கிடையாது. வழியில் எவனாவது டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். காற்று கிளம்பியபிறகு இன்னொருத்தனுக்காகக் காத்திருப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஒற்றை ஆளாக நிமிர்த்த ஒரு வழி இருந்தே தீரும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

படுத்துக் கிடக்கிற குழாயின் உச்சியில் கயிறு கட்டி, படகின் மூக்கில் நின்று இழுத்தால் குழாய் எழும்பாது. நம் பக்கமாக இழுபட்டு வரத்தான் பார்க்கும். படுத்துக் கிடப்பவனைக் காலைப் பிடித்து இழுத்தால் எழுந்திருப்பானா? கயிறு மேலேயிருந்து இழுக்க வேண்டும். மேலே ஆகாயம்தான் இருக்கிறது. அதனால் குழாயின் அடியில் ஒரு மூங்கிலைச் சேர்த்து நிற்க வைத்தேன். குழாய் படுத்திருக்கும்போது மூங்கில் நிற்கும். குழாயின் உச்சியிலிருந்து வருகிற கயிறு மூங்கில் முனையில் ஏறி, அங்கிருந்து படகு மூக்கில் உள்ள கப்பிக்கு இறங்கி, திரும்பி, குழாயின் பக்கத்தில் நிற்கிற என் கைக்கு வரும். நான் இழுக்க இழுக்க மூங்கில் முன்னால் சாயும், குழாய் பின்னால் எழும்பும். மூங்கில் படுத்து முடிக்கும்போது பாய்மரம் நின்றிருக்கும். அடியில் மாட்டு வண்டிக் கடையாணி ஒன்றைக் கோத்துக் கதவு மாதிரி மடங்க வைத்தேன். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு. அதை எங்கே கட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடையாணி இருக்கிற அதே மட்டத்தில், அதே கோட்டில் கட்ட வேண்டும். அப்போதுதான் மரம் எந்தச் சாய்வில் இருந்தாலும் கயிறு தொய்யாது, இறுகவும் இறுகாது. கொஞ்சம் முன்னே பின்னே கட்டினால் மரம் ஆள்மேல் விழும். என்மேல் இரண்டு தடவை விழுந்தது, இதோ தோளில் தழும்பு. கார்த்திகை பாதிவரை இதற்கே போயிற்று. இந்த இடத்தை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் அய்யா.

முதன்முதலாக ஒற்றை ஆளாக நான் நிமிர்த்தியது ஒரு காலை நேரத்தில். கரையில் யாரும் இல்லை. மடைக்காவல் மொக்கைச்சாமி மட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுத்து அவரைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முத்திருளனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன ஒரு நாளிலேயே பிடித்துக்கொண்டான். நான் பெருமைப்பட்டேன்.

மார்கழியில் ஒருநாள், நல்ல கப்பியாக ஒன்று வாங்க நான் சிம்மக்கல் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் கண்மாய் வளைவில் திரும்பியது. கரைக்கு மேலே வெள்ளையாகப் பாய் தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். கண்டக்டர், "அந்தா பாருங்கப்பா, முத்திருளன் படகு கெளம்பிருச்சு," என்று சத்தமாகச் சொன்னார். என் மடியில் கப்பி இருந்தது.

இறங்கிப் போனேன். கரை முழுக்கச் சனம். பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும், "தம்பி ஒத்தையில நிமித்திட்டாங்க! நீங்க பாக்காமப் போயிட்டீகளே," என்றாள். மொக்கைச்சாமி என் தோளில் தட்டினார். "ஏப்பா வெள்ளத்தொர, ஒம் மச்சினன் இம்புட்டுப் பெரிய கொழாயை ஒத்தையில தூக்கி நிறுத்துறாம்ப்பா. அவங்கிட்டக் கேட்டு நீயும் கத்துக்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வித்தையை இன்னொருவன் செய்கிறான் என்றால் அது நல்ல வித்தை என்றுதானே அர்த்தம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது மதுரையில் தின்ற புரோட்டாவால்.

அதற்கப்புறம் சாயங்காலமானால் கரையில் கூட்டம்தான். கடலை வறுத்து விற்க ஒரு கிழவர்கூட வந்துவிட்டார். முத்திருளன் கயிற்றை இழுப்பதே ஒரு அழகு. நான் நிமிர்த்தினால் நெற்றி நரம்பு புடைக்கும். அவன் நிமிர்த்தினால் பாட்டு வரும். பாதியில் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கரையில் இருப்பவர்களுக்குக் கும்பிடு போடுவான். வேலைக்கு அது தேவையே இல்லை. ஆனால் சனங்களுக்கு அதுதான் பிடித்தது.

அவன் நல்லவன் என்பதை நான் மறைக்க மாட்டேன். யார் புகழ்ந்தாலும், "எல்லாம் எங்க மச்சான் யோசனண்ணே, நான் சும்மா இழுக்குறவன்," என்பான். ஒரு தடவைகூட அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அவன் சொல்கிற தினுசு அப்படி. கேட்டவர்கள், "பாத்தியா, எம்புட்டு அடக்கம்," என்று அவனைத்தான் மேலும் புகழ்ந்தார்கள். அவன் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போயிற்று. நானே போய், அது என் யோசனைதான் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விளையாட்டுப் போட்டி. வழுக்கு மரம், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. இந்த வருஷம் புதிதாகப் படகு. சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் பூராவும் பார்க்க, பாய்மரத்தை ஒற்றை ஆளாக நிமிர்த்தி, அக்கரையில் இருக்கிற கருப்பசாமிக்கு மாலை கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அண்ணே, முத்திருளண்ணன் இருக்காரா?" என்றான் ஒருவன்.

கொல்லையில் குளிக்கிறான் என்று சொன்னேன். காப்பி கொடுத்தேன். பாண்டியம்மாள் அதிரசம் வைத்தாள். அவர்கள் கொல்லைப் பக்கம் போனதும் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கவலை பிடித்தது. அவனுடைய பாதுகாப்பைப் பற்றிய கவலை அய்யா. அவன் ஒழுங்காகப் படகைக் கருவேல மரம்வரை தள்ளிக்கொண்டுபோய் நிமிர்த்துவானா, இல்லை, மோட்டார் சத்தம் இல்லையென்றால் துறையிலேயே நிமிர்த்திவிடுவானா? ஒற்றை ஆளாக வேலை செய்கிறவன் சத்தத்தை நம்பக் கூடாது. எந்த நேரமும் கம்பியில் கரண்ட் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இதை அவனிடம் நான் சொன்னதில்லை. நானே மோட்டார் நின்றிருக்கும்போது துறையில் வைத்துத்தான் நிமிர்த்துவேன், அதைப் பார்த்துத்தான் அவனும் பழகியிருந்தான். இருந்தாலும் பொறுப்புள்ளவனாக இருந்தால் தானாகத் தோன்ற வேண்டும் இல்லையா? இதைச் சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று பட்டது.

லைன்மேன் ஒருவரின் வீட்டு மோட்டாரை அந்த வாரம் நான்தான் ரிப்பேர் செய்து கொடுத்தேன். பேச்சுவாக்கில், பொங்கல் முடிகிறவரை பகலில் கரண்டை நிறுத்த மாட்டார்கள் என்று அவர் சொன்னார். நான் அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

விளையாட்டு நாளன்று நல்ல வெயில், நல்ல காற்று. கரையில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் பெட்டி, பலூன், ஜவ்வுமிட்டாய், எல்லாம் உண்டு. பண்டிகைக்காக மாவு மில் பூட்டியிருந்தது, மைக் செட் பேட்டரியில் பாடிக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் புதுச் சேலை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் கரண்ட் போகிற நேரம் வந்ததும் நான் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பலகையிலிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது. தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது. பீஸ் கட்டையை மடியில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். என் மோட்டாரை நான் நிறுத்தினேன், தோட்டத்துக்குத் தண்ணீர் போதும் என்று. இதில் குற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. "நல்ல நாளும் அதுவுமா கரண்ட நிறுத்திட்டாங்யளே," என்று யாரோ சலித்துக்கொண்டார்கள்.

முத்திருளன் துறையில் கணுக்கால் தண்ணீரில் நின்றான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னதும் கரை அதிர்ந்தது. அவன் கையமர்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மச்சான், நீங்க வாங்க. இன்னைக்கு நீங்க நிமித்துங்க. நான் ஒதுங்கி நின்னு கைதட்டுறேன்."

நிஜமாகத்தான் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்தால் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்தா கூப்பிடுவான்? நான் போய்த் துறையில் நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பது எனக்கல்லவா தெரியும்.

"இருக்கட்டும் மாப்ள. சனம் ஒன்னப் பாக்கத்தான் வந்துருக்கு. நீயே செய்யி."

அவன் குனிந்து கயிற்றை எடுத்தான். அப்புறம் ஏதோ தோன்றி நிமிர்ந்து கம்பியைப் பார்த்தான். "மச்சான், கரண்ட் போயிருச்சுல்ல?"

"மோட்டார் சத்தம் கேக்குதா?"

காதைச் சாய்த்துக் கேட்டான். "கேக்கல."

"அப்பறம் என்ன?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் கேட்டான், நானும் ஒன்று கேட்டேன், அவனே பதில் சொல்லிக்கொண்டான். எழுபது அடி தள்ளிக் கருவேல மரம் நிற்கிறது. படகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் அவன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. சோதனையில் அவன் தவறிவிட்டான், அவ்வளவுதான்.

மூங்கில் அழகாகச் சாய்ந்தது. பக்கக் கயிறு இரண்டும் தொய்யவே இல்லை. மரம் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் எழும்பி, நான் சொன்ன இடத்தில் கம்பியைத் தொட்டது. முத்திருளன் இடது கையால் குழாயைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் உடம்பு விறைத்து ஆடியதைப் பார்த்து, ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று சனங்கள் கைதட்டினார்கள். நான் உள்ளே போய்ப் பீஸ் கட்டையை மாட்டினேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. அதைக் கேட்ட பிறகுதான் கரையில் அலறல் கிளம்பியது. "அய்யய்யோ, கரண்ட் வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!" என்று கத்தினார்கள். மூங்கில் கழியால் அவனைத் தட்டி விலக்கியதும் நான்தான். இரும்பில் படாமல் எப்படி விலக்குவது என்று வேறு யாருக்குத் தெரியும்? தண்ணீரிலிருந்து தூக்கும்போதே உயிர் இல்லை.

பாண்டியம்மாள் சேற்றில் விழுந்து புரண்டாள். இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பாழாப்போன கரண்டு அந்நேரம் பாத்தா வரணும்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அன்று இரவு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவன் கூப்பிட்டப்ப நீங்க போயிருந்தா ஒங்களையில்ல நான் வாரிக் குடுத்திருப்பேன்," என்றாள். அவள் சொன்னது சரிதான். என்மேல் அவளுக்கு இருக்கிற பிரியத்தை நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கரண்ட் திடீரென்று வந்தது என்று நூறு பேர் சாட்சி சொன்னார்கள். காதால் கேட்டவர்கள் அய்யா, பொய் சொல்லவில்லை. அத்தோடு முடிந்தது. நானும் அப்படியே விட்டிருப்பேன். எனக்கு யாரோடும் பகை கிடையாது, மனசில் உறுத்தலும் கிடையாது, படுத்தால் தூக்கம் வருகிறது.

காரியத்தன்றைக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். நம்ம பக்கம் போஸ்டர் இல்லாமல் எவன் செத்தான்? எழுமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து பேரையூர் சந்தைவரை சுவர் பாக்கியில்லை. முத்திருளன் சிரிக்கிற போட்டோ, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே கொட்டை எழுத்தில், "பாய்மரத்தைத் தன்னந்தனி ஆளாக நிமிர்த்தும் வித்தையைக் கண்டுபிடித்த மாவீரன்" என்று போட்டிருந்தது. கண்டுபிடித்த. நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மன்றத்துப் பையன்களிடம் போய்ச் சொன்னேன். தம்பிகளா, ஒரு சின்னத் திருத்தம், அந்த மூங்கில் யோசனை என்னுடையது என்றேன். "செத்தவரு பேருல இருந்துட்டுப் போகட்டுமேண்ணே," என்றார்கள். மொக்கைச்சாமியிடம் சொன்னேன். அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "மச்சினன் போன துக்கத்துல புத்தி தடுமாறுது, தண்ணியக் குடி," என்றார். கடைசியில் பாண்டியம்மாளிடம் சொன்னேன். கடையாணி, மூங்கில், பக்கக் கயிறு எல்லாவற்றையும் தரையில் கோடு போட்டு விளக்கினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என் தம்பியே போயிட்டான். மூங்கி யாருதா இருந்தா என்னங்க?" என்றாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் புரியாது. அன்றிலிருந்து அவள் தையல் மிஷினையும் தொடவில்லை, சிரிக்கவும் இல்லை.

போஸ்டராவது மழை பெய்தால் கிழிந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நேற்று, துறையில் அவனுக்குக் கல் நடப்போவதாக முடிவு செய்துவிட்டார்கள். அதே வாசகம்தான், கல்லில். திருமங்கலத்திலிருந்து ஆசாரி வந்து இன்று காலையில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கல் கிழியாது அய்யா. அதனால்தான் அதைப் பார்த்ததும் கிடைத்த பஸ்ஸில் கிளம்பி வந்தேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதற்காக ஒருவனாவது நிற்க வேண்டும்.

நான் சொன்னால் ஊர் நம்பாது. போலீஸ் எழுதினால் நம்பும். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். முத்திருளனைக் கொன்றது கரண்ட் அல்ல, நான். மோட்டாரைத் திட்டம் போட்டு நிறுத்தினேன், அவன் ஏமாறுவான் என்று தெரிந்தே நிறுத்தினேன், அவன் சாவான் என்பதும் தெரியும். இதில் யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க ஒரு ருசுவும் தருகிறேன். மரத்தின் உச்சி எந்தச் சாய்வில் கம்பியைத் தொடும், அப்போது இழுக்கிறவன் கை குழாயில் எங்கே இருக்கும், கால் எங்கே ஊன்றியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட யாரால் முடியும்? அந்த ஏற்பாட்டைச் செய்தவனால் மட்டும்தான் முடியும். இதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்?

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஏட்டய்யாவும் கதவருகில் வந்து நிற்கிறார். பரவாயில்லை, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். பயப்பட வேண்டாம், நான் ஓடுகிற ஆள் இல்லை.

"ஒம் பொஞ்சாதிக்கு ஆள் அனுப்பணும்யா," என்கிறீர்கள். "அந்தப் புள்ளைக்கு என்னன்னுய்யா சொல்லி விட?"

"ஆசாரி இன்னும் எழுத்து வெட்ட ஆரம்பிச்சிருக்க மாட்டாரு அய்யா. ஓடிப்போயி உளியப் பிடுங்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அவ மெதுவாத் தெரிஞ்சுக்கிருவா."